பொம்பெயி அழிந்தது ஆகஸ்டிலா, அக்டோபரிலா?

கி.பி. 79இல் இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி என்ற ரோம நகரம் புதைந்தது. ஆண்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. நாளில்தான் குழப்பம். நெடுங்காலமாகப் பாடநூல்கள் ஆகஸ்ட் 24 என்றே சொல்லிவந்தன. 2018 அக்டோபரில் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி கிடைத்தது. "உண்மையான தேதி அக்டோபர் 24" என்று உலகெங்கும் செய்தி பரவியது. சில ஆண்டுகள் கழித்து, பொம்பெயி தொல்லியல் பூங்காவின் மின்னிதழே ஆகஸ்ட் 24க்கு ஆதரவான ஆய்வை வெளியிட்டது. இரண்டையும் படித்தவர்கள் எதை நம்புவது என்று கேட்பது நியாயம்.

ஆகஸ்ட் 24 இன்னும் வீழ்த்தப்படவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கு எதிராக வைக்கப்படும் ஒவ்வொரு சான்றும் எதை நிரூபிக்க வல்லது, எதை நிரூபிக்க முடியாது என்று தனித்தனியாகப் பார்த்தால் இது விளங்கும்.

## கையில் இருக்கும் ஒரே தேதி

எரிமலை வெடித்த நாளை நாள், மாதம், வேளையோடு சொல்லும் பண்டைய எழுத்து ஒன்றே ஒன்றுதான். அது இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதம்; அவருடைய கடிதத் தொகுப்பில் ஆறாம் நூலின் 16ஆம் கடிதம். வெடிப்பின்போது அவருக்குப் பதினேழு வயது. நேப்பிள்ஸ் வளைகுடாவின் மறுமுனையில், மலையிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் மிசேனம் என்ற ஊரில் இருந்தார். அங்கிருந்த கடற்படைக்குத் தலைவர் அவருடைய மாமா மூத்த பிளினி. முசிறியையும் மதுரையில் ஆண்ட பாண்டியனையும் மிளகு வணிகத்தையும் தன் நூலில் குறித்துவைத்த அதே பிளினிதான். மக்களை மீட்கக் கப்பல்களோடு புறப்பட்ட அவர் மறுநாள் ஸ்டேபியே கடற்கரையில் இறந்தார்.

கடிதம் எழுதப்பட்டது சம்பவம் நடந்து ஏறக்குறையக் கால் நூற்றாண்டு கழித்து. இத்தனை ஆண்டுக்குப் பின் நாள் மறந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதை ஏற்பது கடினம். மாமா தன் உயிலில் இளைய பிளினியை மகனாக ஏற்றிருந்தார். வெடித்த நாளுக்கு மறுநாள்தான் அவர் இறந்த நாள். முன்னோரின் நினைவுக் கடன்களில் அவ்வளவு கருத்தாக இருந்த ரோமக் குடும்பத்தில் தந்தை நிலையில் இருந்தவரின் இறந்த நாளை மாதமே மாற்றி நினைவில் வைத்திருப்பார்கள் என்று கொள்வதற்கு இடமில்லை. பிழை இருந்தால் அது பின்னால் கடிதத்தைப் படியெடுத்தவர்கள் கையில்தான் நேர்ந்திருக்க வேண்டும்.

## ரோமர் நாளை எண்ணிய முறை

வாதத்தைப் பின்தொடர இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ரோமர் மாதத்தை 1, 2, 3 என்று முன்னோக்கி எண்ணவில்லை. மாதத்தில் மூன்று நிலைநாட்களை வைத்து, அடுத்து வரும் நிலைநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணினார்கள்.

1. கலெண்ட்ஸ்: மாதத்தின் முதல் நாள்.
2. நோன்ஸ்: 5ஆம் நாள், மார்ச், மே, ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் 7ஆம் நாள்.
3. ஐட்ஸ்: 13ஆம் நாள், மேற்சொன்ன நான்கு மாதங்களில் 15ஆம் நாள்.

எண்ணும்போது இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். "செப்டம்பர் கலெண்ட்ஸுக்கு முன் ஒன்பதாம் நாள்" என்றால் செப்டம்பர் 1 ஒன்று, ஆகஸ்ட் 31 இரண்டு, ஆகஸ்ட் 30 மூன்று என்று போய் ஒன்பதாவது ஆகஸ்ட் 24. குறுக்குவழி வேண்டுமானால்: முந்தைய மாதத்துக்கு 31 நாள் என்றால் 33இலிருந்து எண்ணைக் கழிக்கவும், 30 நாள் என்றால் 32இலிருந்து. முனையைச் சேர்க்காமல் எண்ணி ஒரு நாள் தவறுவது புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஆகஸ்டின் பிற்பாதி நாட்களுக்கு ரோமர் கணக்கில் செப்டம்பர் பெயர்தான் வரும். அக்டோபரின் பிற்பாதிக்கு நவம்பர் பெயர் வரும். ஆகவே "ஆகஸ்டா, அக்டோபரா" என்ற நம் கேள்வி சுவடியில் "செப்டம்பர் என்று இருக்கிறதா, நவம்பர் என்று இருக்கிறதா" என்று மாறிவிடுகிறது.

வேளையும் இப்படித்தான். பகல் எவ்வளவு நீண்டாலும் அதைப் பன்னிரண்டு பங்காக்கினார்கள். நண்பகலோடு ஆறாம் மணி முடியும். பிளினி சொல்லும் "ஏறக்குறைய ஏழாம் மணி" என்பது நண்பகலுக்குச் சற்றுப் பின்.

## சுவடிகள் சொல்வது

பிளினி கைப்பட எழுதியது நம்மிடம் இல்லை. இடைக்காலத் துறவிகளும் எழுத்தர்களும் ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் படியெடுத்த சுவடிகளே இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது ஃபிளாரன்ஸின் லாரென்சியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் உள்ள பாடம் "நோனும் கலெண்டாஸ் செப்டெம்ப்ரேஸ்", அதாவது செப்டம்பர் கலெண்ட்ஸுக்கு முன் ஒன்பதாம் நாள். பல நூற்றாண்டுகள் பிந்திய சில சுவடிகளிலும் தொடக்ககால அச்சுப் பதிப்புகள் சிலவற்றிலும் செப்டம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நவம்பர் நிற்கிறது.

இங்கே பலர் வழுக்கிவிடுகிறார்கள். "சுவடிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஆகவே பிளினியின் தேதி நம்பத்தக்கதல்ல" என்று முடித்துவிடுகிறார்கள். பாடபேதம் இருப்பதாலேயே எல்லாப் பாடங்களும் சம மதிப்புடையவை ஆகிவிடாது. பதிப்பாசிரியர் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தச் சுவடி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? எதைப் பார்த்து எழுதப்பட்டது? எந்தப் பாடத்திலிருந்து மற்றப் பாடம் பிறந்திருக்க முடியும்? ஒரே தவறான மூலத்திலிருந்து நூறு படிகள் எடுக்கப்பட்டாலும் அவை நூறு சாட்சிகள் ஆவதில்லை, ஒரே சாட்சிதான்.

நவம்பர் எப்படி உள்ளே வந்திருக்கும் என்பதற்கு எழுத்தின் வடிவத்திலேயே விடை இருக்கிறது. ஒன்பதாவது என்பதற்கான லத்தீன் சொல் "நோனும்". அதை "நோன்" என்று சுருக்கி எழுதும் வழக்கம் உண்டு. அந்தக் கையெழுத்துகளில் "ன" ஒலிக்குரிய எழுத்து மேலே வளைந்து இணைந்த இரண்டு சிறு கோடுகள். "உ" ஒலிக்கும் "வ" ஒலிக்கும் பொதுவான எழுத்து கீழே வளைந்து இணைந்த இரண்டு சிறு கோடுகள். மை மங்கினாலோ கை விரைந்தாலோ இரண்டும் ஒன்றாகவே தெரியும். "நோன்" என்பது "நோவ்" ஆகிவிடும்; "நோவ்" என்றால் நவம்பரின் சுருக்கம். பிறகு நடப்பதை இப்படி ஊகிக்கலாம்:

1. மூலத்தில் "ஒன்பதாம் நாள், கலெண்ட்ஸ், செப்டம்பர்".
2. படியெடுப்பவர் "ஒன்பதாம்" என்பதன் சுருக்கத்தை "நவம்பர்" என்று படிக்கிறார்.
3. இப்போது ஒரே தொடரில் இரண்டு மாதங்கள் நிற்கின்றன. அடுத்து வருபவர் ஒன்றைத் தேவையற்றது என்று நீக்குகிறார்.
4. விளைவு: "நவம்பர் கலெண்ட்ஸ்", நாள் எண்ணே இல்லாமல்.

புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இப்படிப்பட்ட நழுவல் நன்கு பழகிய ஒன்றுதான்.

இந்த விளக்கத்துக்கு வலுவூட்டுவது ஒரு சிறு செய்தி. நவம்பர் என்று தரும் பாடங்களில் "ஒன்பதாம்" என்ற சொல் காணாமல் போயிருக்கிறது. அந்தச் சொல்தான் நவம்பராக மாறியது என்றால் அது காணாமல் போவதுதான் முறை. அப்படியானால் செய்திகளில் அடிபடும் "அக்டோபர் 24" எங்கிருந்து வந்தது? ஒரு பாடத்திலிருந்து ஒன்பதையும் இன்னொரு பாடத்திலிருந்து நவம்பரையும் எடுத்துச் சேர்த்தால்தான் அது கிடைக்கும். நவீன காலத்தில் ஒட்டவைத்த தேதி அது. அமெரிக்கச் செவ்வியல் அறிஞர் பெடார் ஃபாஸ் சுவடிகளையும் பதிப்புகளையும் தேடி ஒப்பிட்டு, பிளினி எழுதியது ஆகஸ்ட் 24 என்ற முடிவுக்கே வந்திருக்கிறார்.

## கரியால் எழுதிய வரி

2018இல் பொம்பெயியின் ஐந்தாம் பகுதியில் "தோட்ட வீடு" எனப்படும் வீட்டின் முற்றத்துச் சுவரில் இந்த வரி கிடைத்தது. பதினாறைக் குறிக்கும் ரோம எண், கலெண்ட்ஸின் முதலெழுத்து, நவம்பரின் சுருக்கம்: மேலே சொன்ன கணக்குப்படி 33 கழித்தல் 16, அக்டோபர் 17. அதன் பின் வரும் சொற்களை எப்படிப் படிப்பது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒற்றுமை இல்லை. தேதி மட்டும் தெளிவு.

வாதம் இப்படிப் போனது: வீட்டில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது, கரி எழுத்து எளிதில் அழிந்துவிடும், ஆகவே வெடிப்புக்குச் சில நாள் முன்புதான் எழுதியிருக்க வேண்டும், ஆகவே வெடிப்பு அக்டோபர் 17க்குப் பின்.

இதில் ஆண்டு எங்கே? அந்த வரியில் ஆண்டு இல்லை. 79 அக்டோபர் என்று கொள்வதற்கு ஒரே ஆதாரம் "கரி நிலைக்காது" என்ற அனுமானம். கூரைக்குக் கீழே, மழை படாத, யாரும் துடைக்காத சுவரில் கரி நிலைக்குமா நிலைக்காதா என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும். பொம்பெயியில் அந்தச் சோதனை நடந்தது. சுவரில் கரியால் எழுதிவிட்டுப் பல மாதங்கள் கழித்துப் பார்த்தபோது எழுத்தைப் படிக்க முடிந்தது. அப்படியானால் 78 அக்டோபரிலோ அதற்கு முன்னரோ எழுதிய வரியும் வெடிப்புவரை நின்றிருக்கலாம். அக்டோபர் தேதிக்கு அந்த வரி இடம் தருகிறது. ஆகஸ்ட் தேதியை மறுக்கும் வலிமை அதற்கில்லை.

## தேய்ந்த ஒரு வெள்ளிக்காசு

1974இல் "தங்கக் காப்பு வீடு" என்ற வீட்டில் டைட்டஸ் பேரரசரின் வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. ரோமப் பேரரசர்கள் படை வெற்றிகளுக்காகத் தங்களுக்குக் கிடைத்த பட்டமுழக்கங்களை எண்ணிக்கையோடு காசில் பொறிப்பார்கள். காசுக்குக் காலம் சொல்ல அந்த எண் உதவும். 79 செப்டம்பர் 7, 8 தேதிகளுக்குரிய இரண்டு அரசு ஆவணங்களில் டைட்டஸின் எண் 14. இந்தக் காசில் 15 என்று 2006இல் ஓர் ஆய்வாளர் படித்தார். அது சரியென்றால் காசு செப்டம்பர் 8க்குப் பின் அச்சானது. ஆகஸ்டில் புதைந்திருக்க வழியே இல்லை. எல்லாச் சான்றுகளிலும் இதுதான் கூர்மையானது, ஏனென்றால் இதில் அனுமானத்துக்கு இடமில்லை.

ஆனால் காசு மோசமாகத் தேய்ந்து துருவேறியிருந்தது. பத்தின் குறிக்குப் பின் நான்கு நெடுங்கோடுகள் இருந்தால் 14. இரண்டு சாய்கோடுகள் கீழே கூடும் ஐந்தின் குறி இருந்தால் 15. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் காசியல் வல்லுநர் ரிச்சர்ட் அப்டி, 2013இல் வெளியிட்ட ஆய்வில், அது 14 என்று நிறுவினார். அந்த வாசிப்பு இப்போது பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது.

இங்கும் அளவு மீறக்கூடாது. 14 என்பதால் ஆகஸ்ட் நிரூபணமாகிவிடாது. காசு "இதற்கு முன் புதைந்திருக்க முடியாது" என்று மட்டும்தான் சொல்லும். ஜூலையில் அச்சான காசு அக்டோபரிலும் பையில் இருக்கலாம். ஆகஸ்டுக்கு எதிராக நின்ற மிகப் பெரிய தடை நீங்கியது, அவ்வளவே.

## மாதுளை, மது, கணப்பு

பருவம் சார்ந்த சான்றுகளில் இருந்துதான் இந்தச் சந்தேகமே முளைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்லோ மரியா ரோசினி என்ற அறிஞர், கிடைத்த பழங்கள் முதலியவற்றைக் காட்டி, தேதி நவம்பர் 23 ஆக இருக்கலாம் என்றார். இன்றும் அதே வகைச் சான்றுகள் அடுக்கப்படுகின்றன.

கருகிய மாதுளைகள் உண்மையாகவே சிந்திக்க வைப்பவை. அந்தப் பகுதியில் மாதுளை செப்டம்பர் கடைசியிலிருந்து பழுக்கும். பொம்பெயிக்கு அருகே ஓப்லோன்டிஸில் மாதுளைகள் பாய்களுக்கிடையே அடுக்கிய நிலையில் கிடைத்தன. ஆனால் மாதுளையைப் பழமாக மட்டும் பறிப்பதில்லை. காயாகப் பறித்த மாதுளையின் தோல் சாயத்துக்கும் தோல் பதனிடவும் மருந்துக்கும் பயன்பட்டது. உலர்ந்த அத்தியும் வாதுமை வகைகளும் ஆண்டு முழுதும் சேமிப்பில் இருப்பவை. வாய் அடைத்த மதுச்சாடிகள் புது அறுவடையைக் காட்டுகின்றன என்றால், போன ஆண்டு மது அதில் இருக்கக்கூடாதா என்ற கேள்வி நிற்கிறது. குளிர்காய வைத்ததாகச் சொல்லப்படும் கணப்புச் சட்டிகள் சமைக்கவும் பயன்பட்டன. இறந்தவர்களின் கனத்த ஆடைகளைக் குளிருக்குச் சான்றாகக் காட்டுவது எல்லாவற்றிலும் பலவீனம்: வானிலிருந்து கல் பொழியும்போது யாரும் மெல்லிய துணியோடு வெளியே ஓடமாட்டார்கள். பிளினியே மக்கள் தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு ஓடியதை எழுதியிருக்கிறார்.

மறுபக்கத்திலும் இதே வகைச் சான்று உண்டு. பொம்பெயியின் மீன்சாறுக் கடையில் கிடைத்த எச்சங்கள் போப்ஸ் என்ற மீனுடையவை. அது ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் மிகுதியாகக் கிடைப்பது என்று ஆகஸ்ட் தரப்பினர் காட்டுகிறார்கள். மாதுளைக்குச் சொன்ன எச்சரிக்கை இந்த மீனுக்கும் பொருந்தும். கடிதத்தில் மூத்த பிளினி வெயில் காய்ந்து, குளிர்நீரில் குளித்து, படுத்தபடி உண்டதாக வருகிறது. வேறொரு கடிதத்தில் அவர் கோடையில் வெயில் காய்வார் என்று மருமகன் எழுதுகிறார். இது ஆகஸ்டோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனாலும் இதமான அக்டோபர் நாளை இது விலக்கிவிடாது.

## டியோ சொல்லும் "இலையுதிர்காலம்"

3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய காசியஸ் டியோ, வெடிப்பு இலையுதிர்காலத்தில் நடந்தது என்கிறார். அவருடைய நூலின் இந்தப் பகுதியும் நேரடியாகக் கிடைக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் க்சிஃபிலினஸ் என்ற துறவி செய்த சுருக்கத்தில்தான் இருக்கிறது. அதைவிட முக்கியம், ரோமரின் இலையுதிர்காலம் எப்போது தொடங்கியது என்பது. வேளாண்மை நூல் எழுதிய வாரோவின் கணக்கில் கோடை மே 9இல் தொடங்குகிறது, இலையுதிர்காலம் ஆகஸ்ட் 11இல். அந்தக் கணக்குப்படி ஆகஸ்ட் 24 இலையுதிர்காலம்தான். டியோவுக்கும் பிளினிக்கும் முரண்பாடு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

## காற்றின் திசை

வெடிப்பின் முதல் நாளில் எழுந்த சாம்பலும் வாயுவும் கலந்த தூண் சுமார் 30 கி.மீ. உயரம் எட்டியது. அதிலிருந்து விழுந்த நுரைக்கல் தென்கிழக்கே பரவியது. அதனால்தான் அந்தத் திசையில் இருந்த பொம்பெயியில் ஏறக்குறைய 2.8 மீட்டர் குவிந்தது. மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாள் அநேகமாக ஒன்றும் விழவில்லை. கோடையில் நேப்பிள்ஸ் மீது மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுவதே வழக்கம் என்பதால், தென்கிழக்குப் பரவல் இலையுதிர்காலத்தைக் காட்டுகிறது என்று எரிமலையியலாளர் சிலர் 2008இல் வாதிட்டனர். நல்ல வாதம். ஆனால் இன்றைய சராசரியை வைத்து 79ஆம் ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளைக் கட்டுப்படுத்த முடியாது. ஆகஸ்டில் காற்று வழக்கத்துக்கு மாறாகத் திரும்பும் நாட்களும் உண்டு.

## தேதியால் என்ன மாறும்?

இரண்டு மாதம் முன்பின் ஆனால் என்ன என்று தோன்றலாம். மாறுபவை கணிசம்.

1. நகரில் இருந்த உணவு, மது, எண்ணெய் இருப்பு அறுவடைக்கு முந்தையதா பிந்தையதா என்பது இதைப் பொறுத்தது. உள்ளூர்ப் பொருளாதாரம் பற்றிய கணிப்புகள் அதன் மேல் நிற்கின்றன.
2. எரிமலைத் தூணின் பரவலைக் கணினியில் மாதிரியிடும்போது எந்தப் பருவக் காற்றைக் கொடுப்பது என்பது. வெசூவியஸைச் சுற்றி இன்று பல லட்சம் பேர் வாழ்வதால் இது ஏட்டுக் கேள்வி மட்டுமல்ல.
3. பிளினியின் கடிதத்தை எவ்வளவு நம்புவது என்பது. வெடிப்பின் படிநிலைகளை அறிய எரிமலையியலாளர்கள் இன்றும் அந்தக் கடிதத்தைத்தான் நாடுகிறார்கள். இத்தகைய வெடிப்புக்கு "பிளினியன்" என்றே பெயர். தேதி தவறென்றால் மற்ற விவரங்களையும் ஒருமுறை ஐயத்தோடு பார்க்க வேண்டிவரும்.

மூன்றாவது காரணத்துக்காகவே அக்டோபரை அவசரமாக ஏற்பது எனக்கு உறுத்துகிறது. தனித்து நின்றால் எதையும் நிறுவ முடியாத ஐந்தாறு சான்றுகளை அடுக்கி, அவை ஒன்றையொன்று தாங்குவதாகக் காட்டி, மூத்த சுவடியின் தெளிவான பாடத்தைத் தள்ளிவிடுவது நல்ல முறை ஆகாது.

## எது கிடைத்தால் முடிவாகும்?

மூன்று வகைப் பொருட்களில் ஏதேனும் ஒன்று போதும், ஆனால் அது நுரைக்கல் படிவத்துக்கு அடியில், பின்னால் யாரும் தோண்டிக் கலைக்காத இடத்தில் கிடைக்க வேண்டும்.

1. டைட்டஸின் 15ஆம் பட்டமுழக்கம் ஐயமின்றிப் படிக்கக்கூடிய காசு.
2. ஆண்டை அப்போது பதவியில் இருந்த கன்சல்களின் (ரோமின் தலைமை ஆட்சியாளர்கள்) பெயரால் குறிக்கும், 79 ஆகஸ்ட் 24க்குப் பிந்திய நாளிட்ட மெழுகுப்பலகைக் கணக்கு. கைசிலியஸ் யூகுண்டஸ் என்ற, பொம்பெயியில் ஏலம் நடத்தியவரின் வீட்டில் இப்படிப்பட்ட பலகைகள் 150க்கும் மேல் கிடைத்தன. ஆனால் அவை வெடிப்புக்குப் பல ஆண்டுகள் முந்தியவை.
3. நாளோடு 79ஆம் ஆண்டையும் சேர்த்துச் சொல்லும் சுவரெழுத்து.

இவற்றில் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. மதிலுக்குள் இருக்கும் 66 ஹெக்டேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படாமல் இருக்கிறது. அங்கிருந்து அப்படி ஒன்று வெளிவந்தால் பிளினியின் பாடத்தைத் திருத்தத்தான் வேண்டும். அதுவரை பாடநூலில் ஆகஸ்ட் 24 இருக்கட்டும். அடிக்குறிப்பில் அக்டோபர் வாதமும் இருக்கட்டும்.